பிரிந்தவர்களின் பொது வீடு



இல்லறத்தில் இணைந்திருந்த காலத்தில் இருவர் பெயரிலும் வாங்கப்பட்ட வீடொன்று, அவ்விருவரும் சட்டப்படி பிரிந்தபின் என்னாகின்றது? அதனை வாடகைக்கு விட நேர்ந்தால் எவ்வாறு விடவேண்டும்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். விவாகரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதை நம்மவர் பலர் விரும்புவதில்லை. ஆயினும் பேசாது விடுவதனால் துன்பம் குறைவதில்லை. அறியாமையாற் செய்யும் சிறு பிழைகள் பின்னர் பல்லாண்டு நீளும் வழக்குகளாக வளர்ந்துவிடுகின்றன. ஆதலின், உணர்ச்சிக்கு இடங்கொடாது, பொருளை மட்டும் நோக்கி இதனை ஆராய்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியில் ஒரு கல்வீடு. கணவர் கொழும்பிற் பணிபுரியும் பொறியியலாளர்; மனைவி ஊரிலே ஆசிரியை. அவர்களுக்கு ஒரே மகள். உறுதியிலே இருவர் பெயரும் சரிபாதிப் பங்காக எழுதப்பட்டுள்ளன. வீடு கட்டப் பெற்ற வங்கிக் கடன் இன்னும் தீரவில்லை. மணவாழ்வு முறிந்தது. ஆசிரியை மகளோடு தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கின்றது. ஆறு மாதங்களிற் கதவு நிலையிற் கறையான் ஏறுகின்றது. பெயர்ந்த ஓட்டின் வழியே மழைநீர் ஒழுகுகின்றது. கிணற்றடி பற்றைக் காடாகின்றது. விற்கலாம் என்றால் விலையில் உடன்பாடில்லை. ஒருவர் பங்கை மற்றவர் வாங்கலாம் என்றால் கையிற் பணமில்லை. வங்கியோ மாதந்தோறும் தவணையைக் கேட்கின்றது. வாடகைக்கு விடுவதொன்றே வழியாகத் தோன்றுகின்றது. அவ்வழியிற் காலெடுத்து வைக்குமுன் அறியவேண்டியவை சில உள.

விவாகரத்துத் தீர்ப்புக் கிடைத்தவுடன் வீடும் தானாகவே பிரிந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. விவாகரத்து மண உறவை நீக்குகின்றது, உறுதியை மாற்றுவதில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்து ஆணை வழங்கும் நீதிமன்றம், தான் தகுதியெனக் கருதினால், ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆதனத்தை எழுதிக் கொடுக்குமாறு பணிக்கலாம். எவரும் கேளாமலும், நீதிமன்றம் பணியாமலும் விட்டால், நேற்றுவரை கணவன் மனைவியாக அரைவாசி அரைவாசிக்கு உரியவராயிருந்தோர், இன்று அந்நியர் இருவராக அதே அரைவாசி அரைவாசிக்கு உரியவராகின்றனர். ஆதலின் விவாகரத்து வழக்கு நடைபெறும்போதே வீட்டைப் பற்றியும் தீர்த்துக்கொள்வது நன்று. வழக்கின் முடிவிலே வழங்கப்படும் முதலாணை, குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்தபின்னரே முற்றான ஆணையாகின்றது என்பதையும் நினைவிற் கொள்க. அதுவரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவியே.

தேசவழமைக்கு உட்பட்டோர்க்கு இந்நுட்பம் மிக முக்கியமானது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணொருத்தி தன் சொந்த அசைவற்ற ஆதனத்தைக் கையாள்வதற்குங்கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, இருவரும் இசைந்து பிரிந்து வாழ்ந்தாலோ, அவன் காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெறலாம். ஆகவே, பிரிந்து வாழ்ந்தும் விவாகரத்துப் பெறாத பெண், தனித்துக் கையொப்பமிட்டுக் குத்தகை எழுதிக் கொடுத்தால் அது பின்னர் கேள்விக்குள்ளாகலாம். விவாகரத்து முற்றானபின் இத்தடை இல்லை. உறுதி ஒருவர் பெயரில் மட்டுமே இருந்து, அது தேடியதேட்டமா என்ற வினா எழுமாயின், அது தனியாக ஆராயப்படவேண்டிய பெரும் பொருள். இன்று நாம் இருவர் பெயரும் உறுதியிலுள்ள வீட்டை மட்டுமே நோக்குகின்றோம்.

இனி, பிரிபடாத பங்கு என்பது யாது என்று பார்ப்போம். நமது நாட்டிற் காணி பற்றிய பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி, அரைப்பங்கு என்றால் வீட்டின் வடக்குப் பாதி ஒருவருக்கும் தெற்குப் பாதி மற்றவருக்கும் என்பதன்று. ஒவ்வொரு கல்லிலும், ஒவ்வொரு மரத்திலும், கிணற்று நீரிலும் இருவருக்கும் பாதி உண்டு. அறைகளை எண்ணித் தாமாகப் பூட்டுப் போடும் உரிமை எவர்க்குமில்லை. தன் பங்கின் அளவுக்கேற்பப் பயன்படுத்தும் உரிமையும், வரும் பயனில் அதே அளவைப் பெறும் உரிமையும் ஒவ்வொருவர்க்கும் உண்டு. மற்றவர் சம்மதமின்றி ஆதனத்தின் பயன்பாட்டையே மாற்றுவதற்கு இடமில்லை. குடியிருந்த வீட்டைக் களஞ்சியமாக்குவதும், முற்றத்தை வாகனத் தரிப்பிடமாக்குவதும் இருவரும் இசைந்தே செய்யவேண்டியவை.

அவ்வாறாயின் ஒருவர் மட்டும் வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன? அவர் தமது பிரிபடாத பங்கைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். முழு வீட்டையும் தாமே கொடுப்பதாக எழுதினால், அந்த உடன்படிக்கை அவரையும் வாடகைக்காரரையும் கட்டும். கையொப்பமிடாத மற்றவரின் பங்கைக் கட்டாது. ஒருவரிடமிருந்து வீட்டைப் பெற்றுக் குடியேறியவர், தமக்கு வீட்டைத் தந்தவருக்கு உரிமையில்லை என்று அவரை எதிர்த்து வாதாடுவதையும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு தடுக்கின்றது.

இதிலே நசுங்குபவர் வாடகைக்காரரே. நமது உதாரணத்தில், பொறியியலாளர் தாமாகவே ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தி, ஓராண்டு முற்பணத்தையும் பெற்றுக்கொண்டார் என்க. இரண்டு மாதம் கழிந்தபின் ஆசிரியையின் சட்டத்தரணியிடமிருந்து, பாதி வாடகையை இங்கே செலுத்துக என்று கடிதம் வருகின்றது. வாடகைக்காரர் முழுவதையும் முன்னரே கொடுத்துவிட்டார். பிள்ளைகளை அருகிலுள்ள பாடசாலையிற் சேர்த்தும் ஆயிற்று. ஒருவருக்குப் பணிந்தால் மற்றவர் பகை. மற்றவருக்குப் பணிந்தால் இரட்டைச் செலவு. யாதொரு குற்றமும் செய்யாத ஒரு குடும்பம், பிறர் மணமுறிவின் பாரத்தைச் சுமக்கின்றது. ஆதலின், வீடு தேடுவோர்க்கும் ஒரு சொல்: காணிப் பதிவகத்திலே பதிவேட்டைத் தேடிப்பார்த்து, உறுதியில் எத்தனை பெயர் உண்டோ அத்தனை பேரின் கையொப்பத்தையும் பெற்றபின்னரே முற்பணம் கொடுங்கள்.

அடுத்து, உடன்படிக்கையின் வடிவம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் சட்ட வலுப் பெறாது. இரண்டாண்டுக்கு என்று வெற்றுத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பமிடுவது நம்மிடையே பெருவழக்கு. அந்தத் தாளைக் கொண்டு இரண்டாண்டு என்ற தவணையை நிலைநாட்ட இயலாது. மாத வாடகை என்ற அளவிலேயே அது நின்றுவிடக்கூடும். நொத்தாரிசு முடித்த உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதிந்துவைத்தல் மேலும் காப்பாகும். ஒருவர் வெளிநாட்டிலோ தூரத்திலோ இருப்பின், குத்தகைக்குக் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தத்துவத்தை முன்னாள் வாழ்க்கைத் துணைக்கே கொடுக்கவேண்டும் என்பதில்லை. இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர்க்குக் கொடுப்பதே பெரும்பாலும் அமைதியைத் தரும். வங்கியில் ஈடு இருக்குமாயின் ஈட்டு உறுதியையும் வாசித்தல் வேண்டும். வங்கியின் சம்மதமின்றி வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கலாகாது என்ற நிபந்தனை அதிற் காணப்படுவது வழக்கம்.

வாடகைக்காரரோடு செய்யும் இந்த உடன்படிக்கை ஒன்று. அதற்கு முன்பாக, சொந்தக்காரர் இருவரும் தமக்குள்ளே எழுதிக்கொள்ள வேண்டிய உடன்படிக்கை இன்னொன்று. இதனைத்தான் பலர் செய்யாது விடுகின்றனர். யார் வாடகைக்காரரைத் தெரிவது? மாத வாடகை எவ்வளவுக்குக் குறையக்கூடாது? பணம் எக்கணக்கிற் சேரவேண்டும்? எவ்வளவு தொகை வரையிலான திருத்தத்தை ஒருவர் மற்றவரைக் கேளாது செய்யலாம்? சாவி யாரிடம்? எத்தனை ஆண்டுகளின் பின் இவ்வேற்பாடு மறுபரிசீலனை செய்யப்படும்? இவற்றுக்கு விடை எழுதப்பட்டிருந்தால், பின்னர் பேசவேண்டிய பேச்சிற் பாதி குறையும். பிரிந்தவர்களுக்குப் பேச்சுக் குறைவதும் ஒரு நன்மையே.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மாத வாடகை 60,000 ரூபா என்க; ஆண்டுக்கு 7,20,000 ரூபா. சோலைவரி, ஓடு மாற்றல், கிணறு இறைத்தல், வர்ணம் பூசுதல் என 1,20,000 ரூபா செலவாயிற்று என்க. எஞ்சுவது 6,00,000. சரிபாதிப் பங்காயின் ஆளுக்கு 3,00,000. உறுதியில் மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றுமாகப் பங்குகள் எழுதப்பட்டிருப்பின், 4,00,000 உம் 2,00,000 உம் ஆகும். இப்போது வங்கித் தவணை மாதம் 20,000 ரூபாவை ஆசிரியையே தம் சம்பளத்திலிருந்து செலுத்தி வருகின்றார் என வைத்துக்கொள்வோம். அஃது ஆண்டுக்கு 2,40,000. கடன் இருவருக்கும் பொதுவாதலால், அதனை முதலிற் கழித்தால் எஞ்சுவது 3,60,000; ஆளுக்கு 1,80,000. ஆசிரியை தாம் கட்டிய 2,40,000ஐயும் சேர்த்து 4,20,000 ரூபா பெறவேண்டும். சரிபாதிப் பங்கு என்பதற்காக மூன்று மூன்று இலட்சமாகப் பிரித்துக்கொண்டால், ஆசிரியை ஆண்டுதோறும் 1,20,000 ரூபாவை அறியாமலே இழக்கின்றார். ஐந்தாண்டில் அது ஆறு இலட்சம். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் இதனை நிரூபிக்கலாம். வாய்மொழியை நம்பியிருப்பவர் மனக்கசப்பை மட்டுமே சேர்த்து வைப்பார்.

சோலைவரியை ஆண்டின் முதல் மாதத்திலேயே முழுவதும் செலுத்தினால் உள்ளூராட்சிச் சபைகள் பத்து வீதக் கழிவு தருவது வழக்கம். இவ்வாறான சிறு பொறுப்புகளையும் ஒருவர் பெயரிற் குறித்துவிடுதல் வேண்டும். வருமான வரியைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரும் தத்தம் பங்கு வாடகையைத் தத்தம் வருமானமாகக் காட்டவேண்டும். முழு வாடகையும் ஒருவர் கணக்கிற் சேர்வதாயின், மற்றவர் பங்கு அவருக்குச் சென்றமைக்கு எழுத்து மூலமான சான்று இருத்தல் அவசியம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். பிள்ளையின் பராமரிப்புப் பணத்தையும் வீட்டு வாடகையையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வாடகையிற் பாதியை நீயே வைத்திருக்கின்றாயே, பிள்ளைக்கு வேறு எதற்குப் பணம் என்று கேட்கும் தந்தையர் உளர். வாடகைப் பங்கு ஆசிரியையின் சொந்த உடைமையிலிருந்து வரும் வருமானம். பராமரிப்போ 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்த் தந்தை பிள்ளைக்குச் செய்யவேண்டிய கடமை. வீடு ஆறு மாதம் ஆளின்றிக் கிடந்தாலும் பிள்ளையின் பாடசாலைச் செலவு நிற்பதில்லை. தந்தை தம் வாடகைப் பங்கை மகளின் பெயரிலுள்ள கணக்கில் இட விரும்பினால் அது நல்ல செயலே. எனினும் இது பராமரிப்பா, அன்பளிப்பா என்பதை அப்போதே எழுதிவிடவேண்டும்.

இனி, காலத்தினால் வரும் ஆபத்தைப் பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுகள் இடையறாது, எதிரிடையாக ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். தாம் தூரத்தில் இருப்பதால் வீட்டில் இருப்பவர் முழுவதையும் எடுத்துக்கொள்வாரோ என்று பலர் அஞ்சுகின்றனர். கூட்டுச் சொந்தக்காரருக்கிடையே இது எளிதில் நிகழ்வதன்று. ஒருவரின் ஆட்சி மற்றவர்க்காகவும் செய்யப்படும் ஆட்சியே என்றும், மற்றவரை வெளிப்படையாக விலக்கிய செயல் இருந்தாலன்றிக் காலம் எண்ணப்படாது என்றும் கொரேயா எதிர் அப்புஹாமி என்ற வழக்கில் 1911இற் கோமறைக் கழகம் தீர்த்தது. ஆயினும் 1918இல், திலகரத்ன எதிர் பஸ்தியன் என்ற வழக்கில், நெடுங்காலம் ஒருவர் தனித்தே முழுப் பயனையும் அனுபவித்து வந்திருப்பின், மற்றவர் விலக்கப்பட்டார் என்று சூழ்நிலைகளைக் கொண்டு ஊகிக்கலாம் என நமது உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே, தூரத்திலிருப்பவர் செய்யவேண்டியது எளிது. ஆண்டுதோறும் தம் பங்கு வாடகையைப் பெற்று, பற்றுச்சீட்டில் அதனை வாடகைப் பங்கு என்றே குறிப்பிடுவாராக. சிறு தொகையாயினும் அந்தச் சீட்டு அவர் உரிமைக்குக் காவலாக நிற்கும். முகத்தில் விழிக்க மனமில்லை என்று பதினைந்து ஆண்டு திரும்பியும் பாராதிருத்தல், தம் பகைவருக்குத் தாமே ஆயுதம் கொடுப்பதாகும்.

வாடகைக்காரர் இருக்கும்போதே ஒருவர் தம் பங்கை விற்கலாமா? விற்கலாம். மற்றவர் சம்மதம் அதற்கு வேண்டியதில்லை. ஆனால் வட மாகாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்கொள்ளும் உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கூட்டுச் சொந்தக்காரருக்கு அதனை முதலில் வாங்கும் உரிமையுண்டு. அந்நியருக்கு விற்குமுன் அவருக்கு முறைப்படி அறிவித்தல் வேண்டும். மணவுறவு அற்றபோதிலும், கூட்டுச் சொந்தக்காரர் என்ற உறவு அறவில்லை என்பதைக் கவனிக்க. வாங்குபவரும் முறையாக எழுதப்பட்ட குத்தகைக்கு உட்பட்டே வாங்குகின்றார். வாடகை விற்பனைக்கு முந்தும் என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற விதி.

எவ்வழியும் கூடாவிடின், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம் உண்டு. கூட்டுச் சொந்தக்காரர் எவரும், பங்கு எவ்வளவு சிறிதாயினும், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இரண்டு பரப்பில் நிற்கும் ஒரு வீட்டை இரண்டாக வெட்ட இயலாதாதலின், நீதிமன்றம் அதனை விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கப் பணிக்கும். இவ்வழக்குகள் நீண்டகாலம் இழுபடுவன என்பதை நேயர்கள் அறிவீர்கள். அதனோடு மற்றொன்றும் அறிக: வழக்கு நிலுவையிலுள்ளமை காணிப் பதிவகத்திற் பதியப்பட்டபின், அது முடியும்வரை பிரிபடாத பங்கை விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது என்று அச்சட்டத்தின் 66ஆம் பிரிவு விதிக்கின்றது. கோபத்தில் வழக்கைத் தொடுத்துவிட்டு, பின்னர் வீட்டைப் புதிதாகக் குத்தகைக்குக் கொடுக்க நினைப்பவர் கைகட்டி நிற்க நேரும்.

மரணத்தையும் நினைக்கவேண்டியுள்ளது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சியவரைச் சேரும் என்பது தவறான எண்ணம். அஃது இறந்தவரின் வாரிசுகளையே சேரும். பொறியியலாளர் மறுமணம் செய்து, அம்மணத்திலும் பிள்ளைகள் பிறந்தபின் காலமாவாராயின், ஆசிரியைக்குக் கூட்டாளிகளாக வருவோர் அவர் முன்பின் அறியாதவராயிருக்கலாம். மகளுக்கே வீடு சேரவேண்டும் என்பது இருவரின் விருப்பமாயின், அதனை உயிருடனிருக்கும்போதே உறுதியிலோ மரண சாசனத்திலோ எழுதிவைத்தல் வேண்டும். மணவாழ்வுக் காலத்தில் எழுதிய பழைய மரண சாசனம் இருக்குமாயின், அதனை எடுத்துப் பார்த்துப் புதுப்பிப்பது கடன்.

வாடகை பற்றிய சிறு பிணக்குகள் தோன்றும்போது, முதலில் நீதிமன்றப் படியேற வேண்டுவதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் ஊர்தோறும் உள்ளன. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எங்கே செல்வதாயினும் உறுதி, ஈட்டு உறுதி, விவாகரத்து ஆணை, சோலைவரிச் சீட்டுகள், வாடகைப் பற்றுச்சீட்டுகள் ஆகிய ஐந்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். நாம் இங்கு கூறியவை பொது விதிகளே. உங்கள் உறுதியை வாசித்தவரே உங்களுக்கு முடிவான ஆலோசனை கூறமுடியும்.

நேயர்களே, கொக்குவில் வீட்டுக்கு மீண்டும் வருவோம். இருவரும் நொத்தாரிசு முன்னிலையிற் கையொப்பமிட்டனர். வங்கியின் சம்மதமும் பெறப்பட்டது. ஒரு சிறு குடும்பம் குடியேறிற்று. வாடகை ஒரே கணக்கிற் சேர்கின்றது. அதிலிருந்து வங்கித் தவணை முதலிற் செல்கின்றது. எஞ்சியது ஆண்டிறுதியிற் பிரிக்கப்படுகின்றது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாள் ஒன்று தபாலிற் செல்கின்றது. மற்றவர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகின்றார். அதில் நலம் விசாரிக்கும் சொல் ஒன்றுமில்லை. வசைச் சொல்லும் ஒன்றுமில்லை. ஓடு மாற்றப்பட்டுவிட்டது, கிணற்றடி வெளிச்சமாயிருக்கின்றது. கடன் தீரும் நாளில் மகளுக்கு வயது பதினெட்டாகும். அவ்வீட்டை என்ன செய்வது என்று மூவருமாகச் சேர்ந்து எண்ணலாம். அன்று எண்ணுவதற்கு வீடொன்று மிஞ்சியிருக்கும்.